பாவு முடியும் வரை

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததிலிருந்து என்னைத் தேடி வருகிற வீட்டுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள். சென்ற மாதம் மட்டும் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் கேட்டது ஒன்றைத்தான்: குடித்தனக்காரரை எப்படிக் காலி செய்வது? வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மனை வாங்கி, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வாடகையை முடிவு செய்துவிட்ட ஓர் இளைஞர், "சுருக்கமா நாலு யோசனை சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்று பென்சிலை எடுத்தார். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். எழுதிவிட்டால் எழுந்து போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் மோகனூர்ப் பக்கத்துக்காரன். பள்ளி இறுதி வரை படித்தேன். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று சேலத்துக்கு வந்து, கிடைக்காமல், தோல் மண்டி வைத்திருந்த கமால் ராவுத்தரிடம் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் தோலை எண்ணினேன். அதன் பிறகு அவருடைய வீடுகளை எண்ணச் சொன்னார். மூன்று லைன், இருபத்து மூன்று வீடு, இரண்டு கிணறு. எல்லாம் மண் சுவர், நாட்டு ஓடு. வாடகை வாங்குவதும் பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. தொழில் கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

ராவுத்தர் வீடு பார்க்கிற முறையைச் சொல்லிவிட்டால் பாதி யோசனை சொன்னதாகிவிடும். மாதம் ஒரு தடவை வருவார். வந்தவுடன் வாசலுக்குப் போகமாட்டார். தெருவின் எதிர்ச்சாரியில் நின்று முதலில் கூரையைப் பார்ப்பார். ஓட்டு வரிசை எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே கீழே கை மரம் உளுத்திருக்கும் என்பது அவர் கணக்கு. அடுத்தது சாக்கடை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, யார் வீட்டுச் சுவரை ஒட்டித் தேங்குகிறது என்று குடை நுனியால் காட்டுவார். மூன்றாவதுதான் சுவர். உள்ளங்கையை வைக்கமாட்டார், புறங்கையை வைப்பார். தோலில் ஈரம் இருக்கிறதா என்று மண்டியில் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, அது பொய் சொல்லும் என்பார். இதெல்லாம் முடிந்த பிறகு ஆண்கள் யாராவது இருந்தால், "ஒழுகுதா?" என்று ஒரே ஒரு கேள்வி. வாடகையைப் பற்றி ஒரு நாளும் அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அது உன் வேலை என்பார்.

வாடகை கேட்க வெள்ளிக்கிழமை போகாதீர்கள். விளக்கு வைக்கிற வீட்டிலிருந்து அன்றைக்குக் காசு வெளியே போகாது, உங்களுக்கு மனஸ்தாபம்தான் மிஞ்சும். எங்கள் முதலாளிக்கும் அன்று தொழுகை. வீடு பார்க்க வருகிறவர் வாடகையை முதலில் கேட்டால் சீக்கிரம் போய்விடுவார், கிணற்றை முதலில் எட்டிப் பார்த்தால் நெடுநாள் இருப்பார். வருஷா வருஷம் சித்திரையில் ஓடு மாற்றுங்கள்; மழை வந்த பிறகு ஓட்டுக்காரன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஈர ஓட்டில் கால் வைக்கமாட்டான். குறைந்தது இருநூறு ஓடு கையிருப்பு வேண்டும். நான் சொல்லி யாரும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிணற்றுச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கீழ் லைனில் ஒன்பது வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு கயிறு. விடிந்தால் ஒன்பது குடம் வரிசையில் நிற்கும், பத்தாவதாகச் சண்டை நிற்கும். நான் யார் எப்போது தண்ணீர் சேந்த வேண்டும் என்று ஒரு முறை வகுத்துச் சொன்னேன். இரண்டு நாள்கூட நடக்கவில்லை. "கணக்குப்பிள்ளைக்கு நேரம் பாத்துத்தான் தாகம் எடுக்குமாட்ட இருக்குது" என்று ஒரு பெண்பிள்ளை என் காதில் விழும்படியே சொன்னாள். ராவுத்தர் கேட்டுவிட்டு, கிணற்றுக்கு இன்னொரு கப்பியும் கயிறும் போடச் சொன்னார். சண்டை அடங்கியது. குடித்தனக்காரர்களுக்குள் சண்டை என்றால் அவர்களுடைய குணத்தில் காரணத்தைத் தேடாதீர்கள், முதலில் உங்கள் வீட்டில் தேடுங்கள்.

இனி மேல் லைனின் மூன்றாவது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதில் அங்கமுத்து என்ற நெசவாளர் இருந்தார். வெண்ணந்தூரிலிருந்து பிழைக்க வந்தவர். மனைவி நல்லம்மா, இரண்டு பெண் குழந்தைகள். குழித்தறி நெய்கிறவருக்கு வீடு கொடுப்பது மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போன்றதல்ல. வீட்டின் தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதில் கால்களை இறக்கி மிதியை மிதித்து நெய்ய வேண்டும். தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரருக்கு மனம் வரும்? ஆகையால் நெசவாளர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம். கிடைத்த வீட்டை அவர்கள் விடுவதும் கஷ்டம். அங்கமுத்துவை இதற்கு முன் மூன்று வீட்டிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவையும் அவரே குழியை மூடித் தரையை மெழுகிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் வெளிச்சத்துக்காகக் குழியைப் பின்சுவரை ஒட்டி வெட்டிக்கொண்டார். முதலாளி சம்மதித்துத்தான் வெட்டினார். சுவருக்கு வெளிப்பக்கம் பக்கத்து வீட்டுக் குளியல் தண்ணீர் போகிற வழி. ஒரு பக்கம் குழி, மறு பக்கம் ஈரம். ஆனி மாதம் நான் வாடகைக்குப் போனபோது சுவரில் கீழிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டு வந்தேன். சுவர் நகர்ந்தால் காய்ந்த சுண்ணாம்பு வெடித்துக் காட்டிவிடும். இதை எல்லா வீட்டுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடி பிறப்பதற்குள் மூன்றில் இரண்டு வெடித்துவிட்டது.

குப்பண்ணன் என்ற கொத்தனாரைக் கூட்டிப் போனேன். அவர் சுவரைத் தட்டினார், அடியில் கடப்பாரை நுனியால் ஒருமுறை குத்தினார், மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார்.

"இந்தச் செவுரு கார்த்திகையப் பாக்காதுங்க" என்றார்.

வீட்டைக் காலி செய்து, கூரையை இறக்கி, சுவரை எடுத்துக் கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் செய்தாக வேண்டும். அந்தச் சுவரடியில்தான் அங்கமுத்து பகலெல்லாம் குழிக்குள் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் நல்லம்மா ராட்டையில் நூல் சுற்றுவாள். குழந்தைகளும் அங்கேதான். சுவர் உள்பக்கம் விழுந்தால் நால்வரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆடியில் வீடு மாறமாட்டார்கள். ஆவணி முதல் வாரம் ராவுத்தர் வந்தார். விவரத்தைச் சொன்னார். அங்கமுத்து குழியிலிருந்து ஏறி வந்து கைகட்டி நின்றார்.

"பாவு தறியில இருக்குதுங்க" என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல். அது இருக்கும்போது தறியைக் கழற்றச் சொல்வது, சோறு உண்கிறவரை இலையிலிருந்து எழுப்புவதைப் போன்றது. மேல் லைனின் ஏழு வீடும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார்: "அவசரமில்லை. தறியில இருக்கிற பாவு முடியற வரைக்கும் இருங்க. முடிஞ்ச பிறகு மாறிக்கலாம்."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பாவில் இத்தனை சேலை, ஒரு சேலைக்கு இத்தனை நாள். புரட்டாசி பிறப்பதற்குள் முடிந்துவிடும். சரி என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் போனேன். தறியில் பாவு நிறைந்து வெள்ளையாக நீண்டிருந்தது.

"ஏனுங்க அங்கமுத்து, அந்தப் பாவு முடியலையா?" என்றேன்.

நல்லம்மா ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்: "பாவு எப்புடீங்க முடியும்? அது என்ன ஊட்டு வாடவையா, மாசம் முடிஞ்சா முடியறதுக்கு?"

அங்கமுத்து குழியிலிருந்தபடியே விளக்கினார். சேலையை அறுத்து எடுக்கும்போது பழைய பாவின் நுனி ஒரு சாண் அளவுக்கு, இழைகளைக் கோத்திருக்கிற சீப்புப் போன்ற அச்சில் நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, ஒவ்வோர் இழையாக அந்தப் பழைய நுனியோடு முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். இப்படிச் சேர்த்துச் சேர்த்து நெய்வதுதான் வழக்கம். இழை எதுவுமில்லாமல் அச்சு வெறுமையாக நிற்பது நெசவாளர் வீட்டில் சாவு விழுந்தால்தான். அவர் தகப்பனார் கோத்த பாவின் தொடர்ச்சிதான் இப்போது தறியில் இருப்பதும்.

"இழை அச்சுல நிக்குதுங்க, நீங்களே பாருங்க. முதலாளி பாவு முடியற வரைக்கும்னாருங்களே. நான் ஏமாத்தலீங்க."

அவர் ஏமாற்றவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கண்ணில் பயம்தான் இருந்தது. இந்தக் குழியை விட்டு ஏறினால் அடுத்த குழி எங்கே என்று அவருக்குத் தெரியாது. கிடைத்த சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மண்டிக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். வக்கீலிடம் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம் என்றேன்.

"என்னன்னு கொடுப்பீங்க? சொன்ன சொல்லை நான் தெரியாம சொல்லிட்டேன்னா?"

"அப்படித்தானுங்களே ஆகியிருக்குது."

"ஏழு வீடு கேட்டிருக்குது, கணக்குப்பிள்ளை. தெரியாம சொன்னது என் குத்தம். அதுக்கு அவர் ஏன் தெருவுல நிக்கணும்?"

மறுநாள் அவரே மேல் லைனுக்குப் போனார். மண்டிக்குப் பின்னால் இருக்கிற கிடங்கைத் தறி போட ஒழித்துத் தருவதாகச் சொன்னார். அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார். நல்லம்மாதான் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. தோலு நாத்தத்துல நெய்ஞ்ச பொடவைய எவ கட்டுவா? மாடுதான் மோந்து பாத்துட்டு அழுவும்."

ராவுத்தர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்த தடவைகள் குறைவு. "சரிதான் தாயி, எனக்கு மூக்கு செத்துப் போச்சு" என்றார்.

அந்த வாரமே தம் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த குதிரை வண்டிக் கொட்டகையில் குப்பண்ணனை விட்டுக் குழி வெட்டச் சொன்னார். அது ஓடு வேய்ந்த நல்ல கொட்டகை, தெருவைப் பார்த்து வாசலும் உண்டு. குழி வெட்டி, சாணி போட்டு மெழுகி, அங்கமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழியைச் சுற்றி வந்தார். இறங்கவில்லை.

"குழி நெம்ப நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா கொட்டாயி வண்டியோடதுங்களே. வண்டியும் குதிரையும் எத்தன நாளைக்கு வெளிய நிக்கும்? ரெண்டு மழை பேஞ்சா முதலாளி ஊட்டுல சொல்ல மாட்டாங்களா, நெசவுக்காரன வெளிய போவச் சொல்லுன்னு?"

அதை அப்படியே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மேல் லைன் சுவருக்கு நான்கு பனங்கைகளை முட்டுக் கொடுத்தோம். குப்பண்ணன் முட்டுக் கொடுத்துவிட்டு, "இது நம்ம மனசுக்குக் குடுக்கற முட்டுங்க, செவுத்துக்கில்ல" என்றார்.

ஐப்பசி நான்காம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. நான் மேல் லைனுக்கு ஓடினேன். மிச்சமிருந்த மூன்றாவது சுண்ணாம்பும் வெடித்திருந்தது. குழந்தைகளை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கமுத்து குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. அப்போது வாசலில் ராவுத்தர் வந்து குடையை மடக்கினார். முழங்கால் வரை சேறு.

"அங்கமுத்து, உள்ள வரலாமா?"

குடித்தனக்காரர் வீட்டுக்குள் அவர் கால் வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. வந்தவர், விரிசல் விட்ட சுவரடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நல்லம்மா பதறி எழுந்தாள்.

"அங்க வேண்டாமுங்க முதலாளி. இக்கட்ட வந்து உக்காருங்க."

"நீங்க தினமும் இங்கதானே தாயி உக்காருறீங்க?"

"எங்களுக்கு வேற போக்கில்லாம உக்காருறமுங்க."

"பாவு முடியற வரைக்கும் இருக்கலாம்னு சொன்னவன் நான். நீங்க இருக்கிற வரைக்கும் நானும் இருந்துட்டுப் போறேன்."

"இதென்னங்க, மெரட்டறாப்பல இருக்குது."

"மிரட்டல் இல்லை தாயி" என்றார். "வீட்டுல இருக்க முடியலை. மழைச் சத்தம் கேட்டா இந்தச் சுவர்தான் நெனப்புக்கு வருது."

ஓட்டின் மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்து வெள்ளைப் பாவின் மேல் விழுந்தது. அங்கமுத்து அதை ஊதிவிட்டார், ஈர மண் போகவில்லை. விரலால் துடைக்கப் போனவர், ராவுத்தரின் கால் சேற்றைப் பார்த்தார்.

"நடந்தா வந்தீங்க?"

"ஆமா."

"வண்டி என்னாச்சுங்க?"

"வித்தாச்சு."

"குதிரைங்க?"

"வண்டி இல்லாம குதிரை எதுக்கு?"

எனக்கே அப்போதுதான் தெரியும். அங்கமுத்து ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து ஏறினார். மனைவியிடம் கையை நீட்டினார். அவள் அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அரிவாள்மணையை எடுத்துக் கொடுத்தாள்.

"பாவோட சுருட்டித் தூக்கிட்டுப் போயிரலாமுங்க, அறுக்க வேண்டாம்" என்று நான் சொன்னேன்.

"ஏழு ஊட்டுக்கு முன்னால சொன்ன சொல்லுங்க" என்றார் அங்கமுத்து. "அவுங்க அதக் காப்பாத்திட்டாங்க. நான் பாவ முடிக்கலீன்னா எப்புடி?"

பாதி நெய்த சேலையோடு பாவை அறுத்தார். அதோடு நிற்கவில்லை. அச்சிலும், இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதிலும் நின்ற மிச்ச நுனிகளை, தகப்பனார் காலத்திலிருந்து விடாமல் வந்தவற்றை, கொத்துக் கொத்தாக உருவி எடுத்தார். அவை உருவி வரும்போது சரசரவென்று ஒரு சத்தம். நல்லம்மா மடியில் அவற்றை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. அச்சு வெறுமையாக நின்றது. அதன் வழியாகச் சுவரின் விரிசல் தெரிந்தது.

"பாவு முடிஞ்சுதுங்க" என்றார்.

ராவுத்தர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மழையிலேயே தறியைக் கழற்றினோம். லைனில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு கட்டையாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள்.

அன்று சுவர் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அங்கமுத்து வீணாகப் பாவை அறுத்துக்கொண்டார் என்று லைனில் இரண்டொருவர் பேசினார்கள். மழை விட்ட பிறகு கூரையை இறக்கி, குப்பண்ணன் சுவரடியில் கடப்பாரையை வைத்தார். ஓங்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான். குழிப் பக்கமாகச் சுவர் முழுவதும் சாய்ந்து, குழி தரை மட்டத்துக்கு மூடிக்கொண்டது. பேசியவர்கள் அதன் பிறகு அந்தப் பக்கம் பார்த்துப் பேசவில்லை.

கொட்டகையில் அங்கமுத்து புதுப் பாவைத் தொடக்கத்திலிருந்து கோக்க வேண்டியிருந்தது. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் ஓர் இழை. ஒருவர் எடுத்துக் கொடுக்க ஒருவர் வாங்க வேண்டும். நல்லம்மாவோடு எங்கள் முதலாளி வீட்டம்மாவும் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்ததாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை.

சுவரைக் கட்டும்போது குழியைச் சுவரிலிருந்து நாலு முழம் தள்ளி, செங்கல் வைத்துக் கட்டினோம். வெளிச்சத்துக்குக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. குளியல் தண்ணீருக்குத் தனிச் சாக்கடை. இவை மூன்றையும் முதலிலேயே செய்திருந்தால் செலவு கால் பங்குகூட ஆகியிருக்காது. வீட்டுக்காரர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளலாம்: குடித்தனக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் போதாது, அந்தத் தொழிலுக்கு வீட்டில் எந்த இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். எழுந்து போகச் சொல்வதானால், போகிற இடத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தை மாதம் பால் காய்ச்சி அவர்கள் திரும்பக் குடிவந்தார்கள். அங்கமுத்து புதுக் குழியில் இறங்கி, காலை நீட்டிப் பார்த்து, "ஒரு விரக்கடை ஆழம் பத்தாதுங்க" என்றார். குப்பண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். அன்று மாலைக்குள் தறி நின்றது, பாவு இழுத்துக் கட்டியாகிவிட்டது.

நான் வாசலில் நின்றிருந்த முதலாளியிடம் போய், புதிதாக ஒப்பந்தம் எழுத வேண்டும், எவ்வளவு காலத்துக்கு என்று போடட்டும் என்று கேட்டேன்.

அவர் உள்ளே பார்த்தார்.

"பாவு முடியற வரைக்கும்னு போடுங்க" என்றார்.

"அது முடியாதுங்களே, முதலாளி."

"போன தடவை தெரியாம சொன்னேன், கணக்குப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு மண்டிக்கு நடந்து போனார்.